நன்றி வேறு, அட்வான்ஸ் வேறு

திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. கரும்பு வெட்டுக்கு முன் ஒரு தடவை, வெட்டு முடிந்து பணம் கைக்கு வந்த பின் ஒரு தடவை. வடிவங்களின் வரிசையில் விட்டுப்போன துண்டு எது என்பது போன்ற சின்னப் புதிர்களைக் கொடுத்தார்கள். அதே ஆள், அதே படிப்பு, அதே வீடு. ஆனாலும் கை வறண்டிருந்த நாட்களில் தடுமாறியவர்கள், பணம் வந்தபின் கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள். வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் நாலே பேர். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013-ல் ‘சயன்ஸ்’ இதழில் இதை வெளியிட்டார்கள். ஆலைகள் கட்டிங் ஆர்டரை மாதக்கணக்கில் பிரித்துக் கொடுப்பதால், எல்லோருக்கும் ஒரே பருவத்தில் பணம் வருவதில்லை. அதனால் வெயிலையோ மழையையோ காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. காசுக் கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதுதான் அவர்கள் எட்டிய முடிவு.

மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆய்வைத் தொடுவதில்லை. “நன்றியோடு இருங்கள், அன்பாக இருங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வந்து விழுகிறது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான், அதிலும் ஆரணி மாதிரி, பட்டு நெசவு அட்வான்ஸில் ஓடும் ஊரில்.

முதலில் உண்மையான பாதி. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் 2003-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழு வாரம் ஒரு முறை, நன்றி சொல்லத் தோன்றிய ஐந்து விஷயங்களை எழுதியது. இன்னொரு குழு எரிச்சலூட்டிய ஐந்தை எழுதியது. பத்து வாரம் கழித்து, முதல் குழுவினர் தங்கள் வாழ்க்கையைக் கொஞ்சம் நிறைவாகவே பார்த்தார்கள். 2005-ல் மார்ட்டின் செலிக்மன் குழு, அன்று நல்லதாக நடந்த மூன்றை ஒரு வாரம் இரவில் எழுதச் சொன்னது. எழுதியவர்களிடம் ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது. இதை அளவோடு செய்ய வேண்டும் என்பதும் சுவாரசியமான சேதி. சோன்யா லியுபோமிர்ஸ்கியின் சோதனையில் வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. கடமைக்கு எழுதினால் அதுவும் வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது போலும்.

கொடுப்பதிலும் அப்படித்தான். எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் 2008-ல் செய்த சோதனையில் சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20 டாலர் கொடுத்து, பாதிப்பேரைத் தங்களுக்கும் மீதிப்பேரைப் பிறருக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். தொகை எவ்வளவு என்பது மாலையில் பொருட்டாக இல்லை. பிறருக்குச் செலவழித்தவர்களே சந்தோஷமாக இருந்தார்கள். உறவுகளைப் பற்றி இன்னும் பலமான சான்று உண்டு. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 148 ஆய்வுகளைத் திரட்டி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை 2010-ல் அலசியது. நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம்.

கொடுப்பதைப் பற்றிச் சோதனை செய்த அதே டன், டனிகன் ஃபோக்குடன் சேர்ந்து 2023-ல் ஒரு மறுபரிசீலனையும் செய்தார். பத்திரிகைகள் அதிகம் பரிந்துரைக்கும் மகிழ்ச்சி வழிகளுக்கு ஆதாரம் எவ்வளவு என்று நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சலித்தார்கள். பெரும்பாலானவை சிறிய, பலவீனமான ஆய்வுகள். நன்றிக்கும் பிறரோடு பழகுவதற்கும் ஓரளவு நம்பகமான ஆதாரம் மிஞ்சியது, அதுவும் அப்போதைக்கு மனநிலையைத் தூக்கிவிடும் அளவுக்கு. மனச்சோர்வு நோய்க்கு நன்றிப் பயிற்சி மருந்தாகாது. 2021-ல் வந்த ஒரு தொகுப்பாய்வும் அந்தப் பலன் சிறியது என்றே சொன்னது.

இனி ஆரணிக்கு வருவோம். பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். தறிக்குழியில் கால் இறக்கி உட்கார்ந்தவர் நாடாவை வீச, மிதியை மிதிக்க, அச்சை இழுத்து அடிக்க என்று ஒரு நாள் போகும். அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதற்கு மட்டும் எவ்வளவு நேரம் போனது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. கோர்வைப் புடவை என்றால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி. புடவை இறங்கியதும் முதலாளி வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு நோட்டு இருக்கும். கூலி ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். தீபாவளிக்கு வாங்கியது, பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வாங்கியது, மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. இழை விட்டிருக்கிறது என்று கொஞ்சம் பிடித்தம். மீதி கைக்கு வரும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. அட்வான்ஸ் இல்லாமல் இந்த வருமானத்தில் எந்தக் கல்யாணமும் நடக்காது.

“அவர் குடுத்த காசுலதான் பொண்ணைக் கட்டிக் குடுத்தோம். அவருக்கு எப்படி நன்றி இல்லாம இருக்கிறது?” நெசவாளர் வீட்டில் இப்படிச் சொன்னால் அதில் பொய் ஏதும் இல்லை. அவசரத்துக்கு வங்கி வராத இடத்தில் முதலாளி வந்திருக்கிறார்; பல முதலாளிகள் நல்ல மனதோடுதான் வந்திருக்கிறார்கள். சிக்கல் அதற்கு அப்புறம் தொடங்குகிறது. வேறு இடத்தில் கூலி கூடுதலாகக் கிடைத்தாலும் போகக் கூடாது, சங்கத்தில் சேரக் கூடாது, கூலியைப் பற்றிக் கேட்கக் கூடாது, கேட்டால் நன்றி கெட்டவன் என்ற பேச்சு.

உளவியல் இந்த இடத்தில் நெசவாளர் பக்கம்தான் நிற்கிறது. ஃபிலிப் வாட்கின்ஸ் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உதவி செய்தவர் திருப்பி எதிர்பார்க்கிறார் என்று தெரியத் தெரிய, பெற்றவரிடம் நன்றி குறைந்து கடன்பட்ட உணர்ச்சி ஏறியது. 2017-ல் டிட்டோவா, வாக்ஸ்டாஃப், பார்க்ஸ் ஆகியோர் அமெரிக்கர்களையும் இந்தியர்களையும் நன்றிக் கடிதம் எழுத வைத்தார்கள். இந்தியர்களுக்கு மகிழ்ச்சி கூடியதோடு குற்ற உணர்ச்சியும் சோகமும் சேர்ந்தே கூடின. எழுதும்போதே ‘இன்னும் திருப்பிச் செய்யவில்லையே’ என்று தோன்றியிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. நன்றி என்று சொல்லிக்கொண்டே குற்ற உணர்ச்சியில் உழல்கிறவருக்கு மேலும் நன்றிப் பயிற்சி கொடுப்பது உதவியாகாது. கணக்கைத் தீர்த்துவைப்பது உதவும். ஒடிசாவில் துண்டுக்கூலிக்கு இலைத் தட்டு தைத்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கூலியை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் உற்பத்தி சுமார் 7 சதவீதம் ஏறியது, தவறுகள் குறைந்தன. உழைத்த கூலியை நேரத்துக்குக் கொடுப்பது முதலாளிக்கும் லாபம்.

சட்டம் என்ன சொல்கிறது? கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. கொத்தடிமை என்றதும் செங்கல் சூளையும் சங்கிலியும் நினைவுக்கு வரும். சட்டத்தின் கண் அதைவிட அகலமானது. முன்பணத்துக்கு ஈடாக ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைத்தாலோ, வேறு இடத்தில் வேலை தேடும் உரிமையை இழந்தாலோ, விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையை இழந்தாலோ, தன் உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தாலோ, அது கொத்தடிமைதான். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். வீட்டிலேயே தறி இருப்பதால் இது பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொத்தடிமை என்று ஆனால் அந்தக் கடனே செல்லாது; அதை வசூலிக்க வழக்குப் போட முடியாது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவருடையது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலை அரசியலமைப்பின் 23-ம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லா அட்வான்ஸும் இந்த வகையில் வராது. வாங்கிய தொகை, தேதி, பிடித்தம், மீதி எல்லாம் எழுதி, ஒரு நகல் உங்களிடமும் இருந்து, வேறு இடம் போக விரும்பினால் தடையின்றித் தவணையில் கட்டலாம் என்றால், அது சாதாரணக் கடன், கட்டத்தான் வேண்டும். ஆகவே இன்றைக்கே செய்யக் கூடியது ஒன்று உண்டு. முதலாளியின் நோட்டைப் போல உங்களிடமும் ஒரு நோட்டு இருக்கட்டும். புடவை இறக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் நோட்டில் எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சமாக இருந்தால், “பசங்க கணக்குக் கேக்குறாங்க அண்ணே” என்று சொல்லிவிடலாம். எழுதாத புரோநோட்டில் கையெழுத்து போடவே போடாதீர்கள்.

வெளியில் வட்டிக்கு வாங்கியிருந்தால், 2003-ம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் இதில் அடக்கம். மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். வாசலில் வந்து நின்று அவமானப்படுத்தும் மைக்ரோ ஃபைனான்ஸ், கடன் ஆப் ஆட்களுக்காக 2025-ல் தமிழகச் சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியது.

அன்பு, பொறுமை என்ற பெயரில் சுரண்டல் நடப்பது முதலாளி வீட்டில் மட்டுமல்ல. அடிக்கும் கணவனிடம் “அன்பாக இரு, மாறுவார்” என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லும் உறவினர், ஆய்வு எதையும் படித்தவர் அல்ல. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 பாதுகாப்பு உத்தரவும் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் தருகிறது. அழைக்க வேண்டிய எண் 181.

வயதானவர்கள் இன்னொரு பக்கம். பாவு நூலை நீட்டிச் சரிசெய்ய முன்பு தெருவே கூடும். பேச்சும் சண்டையும் அங்கேயே நடக்கும். இப்போது பிள்ளைகள் செய்யாறு சிப்காட் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறார்கள். தறியும் தாத்தாவும் மட்டும் வீட்டில். தனிமையை உலக சுகாதார நிறுவனம் 2025 அறிக்கையில் ஆண்டுக்கு 8,71,000 மரணங்களோடு தொடர்புபடுத்தியது. இதைத் தாத்தாவின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் கீழ் ஆரணி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்; மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிட முடியும். பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதிக்கொடுத்து ஏமாந்தவர்கள், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரவும் இதே சட்டத்தின் 23-ம் பிரிவு வழிவிடுகிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14567.

மனமே உடைந்துபோகும் நிலையில் நன்றி நோட்டை எடுத்து நீட்டுவது கொடுமை. தூக்கம் போய், சோறு இறங்காமல், தறியில் உட்காரவே முடியாமல் இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அரசுச் செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலும் உண்டு. ஆரணி அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். மருத்துவக் காப்பீடு மனநோயையும் உடல்நோயைப் போலவே நடத்த வேண்டும். சங்கிலி போடுவது குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அதற்குப் பிறகும் கோயில் வாசலில் கட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே இந்தச் சட்டத்தின் 115-ம் பிரிவு கொள்கிறது. அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும். போலீஸ் கேஸுக்குப் பயந்து மருத்துவமனைக்குத் தாமதிக்காதீர்கள். எந்த நேரமும் பேச 14416 டெலிமானஸ், தமிழக அரசின் 104, சென்னை சிநேகாவின் 044-24640050.

‘ஏழே நாளில் ஆனந்தம்’ என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் வகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. நன்றி எழுத ஒரு ரூபாய் பேனா போதும். நோயைக் குணப்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால், மருத்துவரா, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். பொய் விளம்பரத்தில் பணம் போயிருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்.

கடைசியாக, மறுபடி தறிக்கே வருவோம். கொத்தடிமைப் புகாரை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கொடுக்கலாம். கோட்டாட்சியர் அலுவலகத்திலோ, திங்கள்கிழமை திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுங்கள். எந்த ஆண்டு, எவ்வளவு வாங்கினீர்கள், இதுவரை எத்தனை புடவை இறக்கினீர்கள், எவ்வளவு பிடித்தார்கள், வேறு இடம் போகிறேன் என்றபோது என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். நோட்டுப் படங்களை இணையுங்கள். எழுத வராவிட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக எழுதித் தருவார்கள், எண் 15100. பெண்களுக்கும் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அந்த உதவி உண்டு. தறியில் பிள்ளை யாராவது கட்டாயத்தில் உட்கார்ந்திருந்தால் 1098. விசாரணை முடிந்ததும் விடுதலைச் சான்றிதழைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். அது கையில் இருந்தால்தான், உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உள்ள முதல் தொகையும் அடுத்துவரும் மறுவாழ்வுத் தொகையும் கேட்க முடியும். பழைய புரோநோட்டோடு யாராவது மறுபடி வாசலுக்கு வந்தால் காட்டவும் அதுதான் இருக்கிறது.