வண்ண மீன் தொட்டியில் பெயின்ட்... பொறுத்தால்தான் மீன் பிழைக்கும்!

மாட்டுக்கொட்டகை ஓரம் நாலு சிமென்ட் தொட்டி, திண்ணையில் இரண்டு கண்ணாடித் தொட்டி. கப்பி, மோலி, ஏஞ்சல் என்று வண்ண மீன் வளர்த்து, சென்னை கொளத்தூர் சந்தைக்கோ பக்கத்து டவுன் மீன் கடைக்கோ கொடுக்கும் குடும்பங்கள் பல ஊர்களில் உண்டு. தீவனம், நோய், தண்ணீர் மாற்றுவது எல்லாம் கவனமாகப் பார்ப்பவர்களும் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடுகிறார்கள். சாயம் போன சிமென்ட் குகைக்கும் பாலத்துக்கும் வீட்டில் மிச்சமிருந்த பெயின்ட்டை அடித்து, கை ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் தொட்டிக்குள் இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலை மீன்கள் மேலே மிதக்கின்றன.

கப்பி போனால் அடுத்த மாதமே குஞ்சு எடுத்துவிடலாம். ஏஞ்சல் மீன் அப்படியல்ல. குஞ்சு வளர்ந்து, இணை சேர்ந்து, முட்டை வைக்கும் பருவம் வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிவிடும். அந்தத் தாய் மீன் போனால் ஒரு வருட உழைப்பு போனதாகத்தான் கணக்கு.

பெயின்ட்டில் என்ன ஆபத்து?

மீன் தண்ணீரில் இருப்பதைச் செவுள் வழியாக நேராக ரத்தத்தில் ஏற்றிக்கொள்கிறது. அதனால், சுவரில் அடித்தால் நமக்கு ஒன்றும் செய்யாத பெயின்ட்கூட தொட்டிக்குள் விஷமாகிவிடும். எனாமல் பெயின்ட்டில் உள்ள தின்னர், மேலே காய்ந்த பிறகும் உள்ளே இருந்து பல நாள் கசியும். வெளிச்சுவர் பெயின்ட்டுகளில் பாசி, பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கிறார்கள். பாசியைக் கொல்வது மீனையும் விட்டுவைக்காது. படகின் அடியில் பூசும் பெயின்ட்டில் தாமிரம் இருக்கும். அது மீனுக்கும் நத்தைக்கும் எமன்.

பழைய பெயின்ட்டில் இன்னொரு சிக்கல் ஈயம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பெயின்ட்டைச் சுரண்டும்போது கிளம்பும் தூசு குழந்தைகளுக்குக் கேடு. நனைத்தபடியே உப்புத்தாள் போட வேண்டும். துணி கட்டினால் போதாது, நுண்தூசைத் தடுக்கும் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். சுரண்டல் மண்ணைக் கிணற்றடியிலோ கோழி மேயும் இடத்திலோ கொட்டக் கூடாது.

சிமென்ட்டில் சுண்ணாம்பு

பெயின்ட்டே அடிக்காத புதுச் சிமென்ட் பொம்மையும் ஆபத்துதான். புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரைக் காரமாக்கும். பி.ஹெச். அளவு 11, 12 வரைக்கும் போகும். பெரும்பாலான வண்ண மீன்களுக்கு 6.5 முதல் 8 வரை இருந்தால் போதும்.

காரம் கூடினால் அம்மோனியாவும் கொல்லும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, பி.ஹெச். 7-ல் இருக்கும்போது 1 சதவிகிதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். 8-ல் அது சுமார் 5 சதவிகிதம். 9-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். நேற்றுவரை நன்றாக இருந்த தொட்டியில், ஒரு சிமென்ட் பாலம் வைத்ததும் மீன் சாவதற்கு இதுவும் காரணம்.

புதுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைக்கும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. தண்டு அழுகும்போது உண்டாகும் அமிலம் சுண்ணாம்பை முறிக்கிறது. ஒரு வாரம் ஊறிய பிறகு அந்தத் தண்ணீரை முழுக்க இறைத்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நல்ல தண்ணீர் விட்டு, மேலும் ஒரு வாரம் விட்டுவைக்க வேண்டும். அழுகிய தண்ணீரில் பிராண வாயு இருக்காது. அதிலேயே மீன் விடக் கூடாது. சின்னச் சிமென்ட் பொம்மைகளை வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, பிறகு தினமும் தண்ணீர் மாற்றி ஒரு வாரம் வைக்கலாம். கடைசியில் பி.ஹெச். தாளால் சோதித்துக்கொள்வது நல்லது.

எப்படிப் பூசுவது?

1. பழைய பெயின்ட், பாசி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் தேய்த்து எடுக்க வேண்டும். சோப்புத்தூள் போடாமல் கல் உப்பும் நார் பிரஷும் வைத்துத் தேய்க்கலாம்.

2. நன்றாகக் காய வேண்டும். புதுச் சிமென்ட் வேலையாக இருந்தால் 28 நாள் கழித்துத்தான் பூச்சு. ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பாலித்தீன் துண்டை அதன்மேல் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரவு முழுக்க விட வேண்டும். காலையில் உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

3. நிறம் வேண்டுமென்றால் தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிசாக இரண்டு தடவை பூசலாம். மினுமினுப்பு, ஒளிரும் வண்ணம், நகப்பூச்சு எதுவும் வேண்டாம். பூசியபின் இரண்டு நாள் காயவிட வேண்டும். காயாத வண்ணத்தின்மேல் மேல்பூச்சு அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, பின்னால் கொப்பளித்து உரியும்.

4. வண்ணத்தை மட்டும் நம்பக் கூடாது. அதன்மேல் குடிநீர்த் தொட்டிக்கென்று விற்கும் எபாக்சியை இரண்டு தடவை பூச வேண்டும். எபாக்சியில் பிசின், ஹார்டனர் என்று இரண்டு டப்பா இருக்கும். டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படியே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால், சேராமல் மிஞ்சும் ஹார்டனர் தண்ணீரில் கசியும். கையுறை அவசியம்.

5. ஒரே நாளில் எபாக்சி கல்லாகிவிட்டதுபோலத் தெரியும். உள்ளே முழுதாக இறுக ஏழு நாளாவது ஆகும். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக விட வேண்டும். மேலே வழவழவென்று படலம் படிந்திருந்தால் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட வேண்டும்.

6. பிறகு ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்று விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்ற வேண்டும். மூக்கில் வைத்துப் பார்த்தால் வாடை அடிக்கக் கூடாது. தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் தெரியக் கூடாது.

இரண்டு வாளிச் சோதனை

தாய் மீன் தொட்டியில் நேராக இறக்க வேண்டாம். இரண்டு வாளியில் ஒரே தண்ணீரை எடுத்து, ஒன்றில் மட்டும் பூசிய பொருளைப் போட வேண்டும். இரண்டிலும் மும்மூன்று சாதாரண கப்பியை விட்டு, காற்றுக் குழாய் வைத்து, நாலு நாள் பார்க்க வேண்டும். வாளியில் தண்ணீர் குறைவு. அதனால் கசிவு இருந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். பொருள் போட்ட வாளியில் மட்டும் மீன் வாடினால் குற்றம் பூச்சில்தான். இரண்டு வாளியிலும் வாடினால் தண்ணீரில் கோளாறு.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, செவுள் வேகமாக அடிப்பது, உடம்பில் கோழை படிவது, திடீரென்று பாய்ந்து சுவரில் மோதுவது ஆகியவை ஆபத்து அறிகுறிகள். உடனே பொருளை வெளியே எடுத்து, சேமித்து வைத்த தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றி, காற்றைக் கூட்ட வேண்டும். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் தின்னர் வாடையை இழுத்துக்கொள்ளும். என்ன நோய் என்று தெரியாமல் மருந்து ஊற்றினால் மீன் இன்னும் தளர்ந்துபோகும்.

பூச்சே வேண்டாத இடம்

முட்டை வைக்கும் இடத்துக்கு எந்தப் பூச்சும் கூடாது. ஏஞ்சல் மீன் செங்குத்தான பரப்பில் முட்டையை ஒட்டும். அதற்குச் சாயம் பூசாத ஓட்டுத் துண்டோ பி.வி.சி. பைப் துண்டோ போதும். வீட்டில் கிடக்கும் உடைந்த மண்சட்டி, கருங்கல், கொட்டாங்கச்சி ஆகியவற்றைக் கொதிக்கவைத்துக் கழுவிப் போட்டால் குஞ்சுக்கு நல்ல ஒளிவிடம். கட்டுக்கம்பி, நாகம் பூசிய தகடு, செம்புக் கம்பி ஆகியவற்றால் எதையும் கட்டித் தொங்கவிடக் கூடாது.

வாசகர் கேள்விகள்

பழைய கொலு பொம்மையைத் தொட்டிக்குள் வைக்கலாமா?

கூடாது. சுடாத மண் கரையும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். சாயமும் போகும். தொட்டியின் பின்கண்ணாடிக்கு வெளியே வைத்தால், முன்னால் பார்ப்பவருக்கு உள்ளே இருப்பதுபோலவே தெரியும்.

சிமென்ட் தொட்டி உள்ளே நீல எனாமல் அடித்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் வாடை போகவில்லை. என்ன செய்வது?

மேலே எபாக்சி அடித்து மூடப் பார்க்க வேண்டாம், பிடிக்காது. எனாமலை முழுக்கச் சுரண்டி எடுத்து, காயவைத்து, பிறகு எபாக்சி பூசலாம். வெயில் நேராக விழும் தொட்டியில் எபாக்சி மஞ்சளாகி மாவுபோல உதிரும். ஆகவே மேலே நிழல்வலை கட்டுங்கள்.

கண்ணாடித் தொட்டி மூலையில் கசிகிறது. பாத்ரூமுக்கு வாங்கிய சிலிக்கான் பசை போடலாமா?

பூஞ்சை தடுப்பு என்று போட்டிருந்தால் போடக் கூடாது. மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிக்கானை வாங்குங்கள். பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் பூசி, ஒரு வாரம் காயவிட்டுத் தண்ணீர் நிரப்புங்கள்.

கடற்கரையில் கிடைக்கும் சிப்பி, பவளக்கல் போடலாமா?

இரண்டும் தண்ணீரின் காரத்தையும் கடினத்தன்மையையும் கூட்டும். மோலி தாங்கும், ஏஞ்சல் தாங்காது. பவளத்தை எடுப்பதும் விற்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். வேறு கல்லாக இருந்தால் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், ஒதுக்கிவிடுங்கள்.