கருவியைப் பாறைதான் பிடிக்கிறது

2022 பிப்ரவரியில் பாலக்காடு மாவட்டம் மலம்புழா அருகே குறும்பாச்சி மலையில் 23 வயது இளைஞர் ஒருவர் வழுக்கி விழுந்து, செங்குத்துப் பாறையின் இடுக்கில் சிக்கினார். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரால் அவரை நெருங்க முடியவில்லை. ஏறத்தாழ 45 மணி நேரம் கழித்து, ராணுவ வீரர்கள் மேலிருந்து கயிற்றில் இறங்கி அவரைத் தூக்கினார்கள். பிறகு, அனுமதியின்றி வனத்தில் நுழைந்ததாக அவர் மீது வழக்கும் பதிவானது.

அவர் பாறையேற்றக்காரர் அல்லர். கையில் கருவி எதுவும் இல்லை. இன்று கருவிகள் ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கின்றன. ‘பாறையில் செருகும் கேம் கருவியை வாங்கிவிட்டேன், இனி பயமில்லை’ என்ற எண்ணத்தில்தான் அடுத்த ஆபத்து தொடங்குகிறது.

கேம் எப்படிப் பிடிக்கிறது?

பாறை வெடிப்புக்குள் செருகும் விரிகருவிதான் கேம். அமெரிக்கர் ரே ஜார்டின் உருவாக்கிய இது, 1978இல் ‘ஃபிரண்ட்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. விசையை இழுத்தால் அதன் உலோக இதழ்கள் சுருங்கும். விட்டால் விரிந்து இருபுறச் சுவர்களையும் கவ்வும். கீழ்நோக்கி இழுக்க இழுக்கப் பக்கவாட்டு அழுத்தம் கூடும். 70 கிலோ எடையுள்ளவர் அசையாமல் தொங்கினாலே, ஒவ்வொரு சுவர் மீதும் சுமார் 140 கிலோவுக்குச் சமமான அழுத்தம் விழும். தவறி விழும்போது அது பல மடங்காகும்.

ஆகவே உங்களைத் தாங்குவது கேம் மட்டுமல்ல, உராய்வும் பாறையின் உறுதியும்தான். மழைக்காலப் பாசியும் ஈரமும் மண்ணும் படிந்த வெடிப்பில் உராய்வு குறைந்து கேம் வழுக்கும். பாதி பெயர்ந்து நிற்கும் பாறைத் தகட்டின் பின்னால் செருகினால், அந்த அழுத்தமே தகட்டைப் பெயர்த்துவிடும். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலப் பாறையையும் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஒலித்தால் அந்த இடம் வேண்டாம்.

செருகும்போது

• இதழ்கள் பாதி முதல் முக்கால் வரை சுருங்கியிருக்கும் அளவுள்ள கேமைத் தேர்ந்தெடுங்கள். முழுக்கச் சுருக்கித் திணித்தால் திரும்ப எடுக்க முடியாது. முழுக்க விரிந்து நின்றால் பிடிக்காது.
• எல்லா இதழ்களும் பாறையைத் தொட வேண்டும். வெளிப்புறம் அகன்றுகொண்டே போகும் வெடிப்பு கூடாது.
• கேமின் தண்டு, விழுந்தால் இழுபடும் திசையை நோக்கி இருக்கட்டும்.
• கயிறு ஆட்டும்போது கேம் உள்ளே நகர்ந்து போகும். நீளமான ஸ்லிங் (துணிப்பட்டை வளையம்) மாட்டினால் இது குறையும்.
• ஒற்றைக் கேமை நம்பி உயிரை ஒப்படைக்காதீர்கள்.

படித்தால் மட்டும் இது கைவராது. தரையிலேயே பலமுறை செருகி, அனுபவமுள்ள பயிற்சியாளரிடம் காட்டித் திருத்திக்கொண்ட பிறகே மேலே ஏறுங்கள்.

வாங்கும்போது

சிஇ குறியும், இஎன் 12276 அல்லது யுஐஏஏ தரக்குறியும், கிலோநியூட்டனில் தாங்கும் விசையும் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். சாவிக்கொத்துக்கு விற்கும் காரபினர் (கொக்கி வளையம்) ஏற்றத்துக்கு உதவாது. பழைய கேமின் வரலாறு உங்களுக்குத் தெரியாது. அதன் துணிப்பட்டைக்கு ஆயுள் வரம்பு உண்டு. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அனுமதியும் உரிமையும்

2018 மார்ச்சில், இடுக்கியை ஒட்டிய தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீ மலையேற்றம் சென்றவர்களில் 23 பேரின் உயிரைப் பறித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. கேரளத்திலும் காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது வனச் சட்டப்படி குற்றம். எல்லை மலைகளில் பாதை எந்த மாநிலத்துக் காட்டில் போகிறதோ, அந்த மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும்.

பணம் கட்டும் முன் பயண ஏற்பாட்டாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: வன அனுமதிக் கடிதம் எங்கே? கேரள சாகச சுற்றுலா மேம்பாட்டுச் சங்கத்தில் பதிவு உண்டா? பயிற்சியாளரின் சான்றிதழ் என்ன? காப்பீடும் மீட்புத் திட்டமும் உண்டா?

‘என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்று கையெழுத்திட்டதாலேயே எல்லா உரிமையும் போய்விடாது. பழுதான கருவிக்கும் கவனக்குறைவான சேவைக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் இழப்பீடு கோரலாம். நுகர்வோர் உதவிக்கு 1915ஐ அழைக்கலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கெடு 2 ஆண்டுகள். அறுந்த ஸ்லிங்கையும் வளைந்த கேமையும் தூக்கி எறியாதீர்கள், அவைதான் சாட்சி.

கிளம்பும் முன்

எந்தப் பாறை, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதிக் கொடுங்கள். சொன்ன நேரம் தாண்டினால் 112ஐ அழைக்கச் சொல்லுங்கள். உங்களை எங்கே தேடுவது என்று மீட்க வருபவருக்குத் தெரிய வேண்டும்.