நாடியுள் ஓர் அளவுகோல்



எங்கள் சித்தாண்டி வயற்காரர் ஒருவரிடம், "வாய்க்காலைத் துப்புரவாக்கியாயிற்று" என்று சொல்லிப் பாருங்கள். தலைமடை நீர் கடைமடை வரை வந்து சேர்வதைக் கண்ட பின்னரே அவர் திருப்தியடைவார். இருதய வைத்தியத்திலும் இத்தகைய சோதனை ஒன்று உண்டு.

இருதயத் தசைக்குக் குருதியைக் கொண்டுசெல்வன முடியுரு நாடிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கினால் நெஞ்சுவலி தோன்றும். 1977 ஆம் ஆண்டு சூரிச் நகரில் குருன்ட்சிக் என்னும் வைத்தியர், சிறு பலூனொன்றை நாடிக்குள் செலுத்தி ஊதி, ஒடுக்கத்தை விரித்தார். விரித்த வழி மீண்டும் சுருங்காதிருக்க, 1986 முதல் 'ஸ்டென்ட்' என்னும் உலோக வலைக்குழாய் பொருத்தப்படலாயிற்று. ஆயினும், புண் ஆறுகையில் வடு வளர்வது போல, சிலருக்கு வலையினுள்ளும் இழையம் வளர்ந்து வழி மறுபடி ஒடுங்குகிறது. மருந்து பூசிய ஸ்டென்டுகள் இத்தொல்லையைப் பெரிதும் குறைத்தன, முற்றாக ஒழிக்கவில்லை.

எவருக்கு மீண்டும் இடர் நேரக்கூடும் என்பதை முன்னரே ஊகிக்க முடியுமா? எக்ஸ்-கதிர்ப் படம் வழியின் அகலத்தைக் காட்டும். ஓட்டத்தின் நிலையை அறிய அது போதாது. ஆகவே, அமுக்கமானி பொருத்திய மெல்லிய கம்பியொன்றை ஸ்டென்டைத் தாண்டிச் செலுத்துகிறார்கள். அடினோசீன் முதலிய மருந்தினால் குருதியோட்டத்தை உச்சநிலைக்கு உயர்த்தி, அங்குள்ள அமுக்கத்தைப் பெருநாடியின் அமுக்கத்தால் வகுக்கிறார்கள். பெருநாடியில் 100 மில்லிமீற்றர் இரசமும் அப்பால் 92 உம் இருப்பின், விடை 0.92. தடையற்ற நாடியில் அது ஏறத்தாழ 1. வகுத்தற் கணக்குப் பயின்ற மாணவனும் இதனை விளங்கிக்கொள்வான்.

நெதர்லாந்து வைத்தியர் நிக்கோ பைல்ஸும் சகாக்களும், ஸ்டென்ட் பொருத்தப்பட்ட 750 பேரை ஆறு மாதங்கள் கவனித்து, 2002 இல் முடிவை வெளியிட்டனர். மரணம், மாரடைப்பு, அதே நாடிக்கு மறுசிகிச்சை ஆகியவற்றுள் ஒன்று, 0.95 க்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவருக்கே நேர்ந்தது, 0.90 க்குக் குறைந்தோரிலோ நூற்றுக்கு இருபது பேருக்கு நேர்ந்தது.

இவ்வளவு சோதிடமன்று. இனி வளரவிருக்கும் இழையத்தை அது காட்டாது. அன்று எஞ்சியுள்ள தடையையே காட்டும். ஸ்டென்ட் சரிவர விரியவில்லையா, நாடியின் வேறிடத்திலும் நோயுண்டா என்று வைத்தியர் ஆராய அது வழிகாட்டும்.

நல்ல எண் கிடைத்தோரும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. "குழாய் வைத்தாயிற்று, நோய் போயிற்று" என்று எண்ணி, வைத்தியரைக் கேளாமல் மாத்திரைகளை நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும். வாய்க்காலை ஒருமுறை வெட்டிவிட்டு மறந்துவிடும் வயற்காரர் எவருமில்லையே!