பூனைப்பருந்தும் தரிசு என்னும் கருத்தும்

நன்னூலார் சூத்திரநிலையை நான்காக வகுத்தபோது அவற்றுள் ஒன்றைப் பருந்தின் வீழ்வுக்கு ஒப்பிட்டார். உயரத்தே வட்டமிட்டு, இரை கண்டவிடத்துச் சடுதியாக இறங்குவதே எமது இலக்கண மரபு அறிந்த பருந்து. மாரிக்காலத்திற் சிலாவத்துறையின் சதுப்புகளிலும் வயல்வெளிகளிலும் காணப்படும் பூனைப்பருந்தின் வேட்டை இதனின்றும் வேறானது. ஓரிரு பாக உயரத்தில், சிறகுகளைச் சற்றே மேனோக்கி விரித்தவாறு, அது வெளியை வரிவரியாகத் துழாவிச் செல்லும். ஆந்தையினதை ஒத்த முகவட்டம் புல்லினுள் ஓடும் எலியின் அரவத்தைச் செவிக்குச் சேர்க்கின்றது. (நன்னூலாரின் ஆற்றொழுக்கே இதற்குப் பொருந்தும் எனலாம்.)

இவ்வேட்டைக்கு இன்றியமையாதது திறந்த வெளி. மரமும் பற்றையும் அடர்ந்த நிலம் இப்பறவைக்கு உதவாது. எனவே வெளி எவ்வாறு பேணப்படுகின்றது என்னும் வினா பறவையியலோடு அமைவதன்று. அது நிலவுரிமை பற்றிய வினாவுமாகும்.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. மேய்ச்சல் தரைகள் இந்நோக்கில் வெறும் தரிசே. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது முசலிப் பிரதேசமும் அதற்கு உட்பட்டது. ஆளற்ற வயல்களிற் பற்றை மண்டியது. போர் முடிந்து மீண்டோர் தம் காணிகளிற் சில காடென வரையப்பட்டிருக்கக் கண்டனர். 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது பிணக்கு முற்றியது. அக்காடு முழுவதும் முன்னைய வயல் என்பது எமது கருத்தன்று. ஆயின் மீள்குடியேற்றத்தை இயற்கைக்குப் பகையெனச் சித்திரித்தோர், உழவும் மேய்ச்சலும் தலைமுறைகளாக வெளியை வெளியாக வைத்திருந்தமையைக் கருதினாரல்லர்.

குற்றத்தைக் குடியேற்ற ஆட்சியின்மீது மட்டும் சுமத்துதல் விஞ்ஞான நோக்காகாது. மன்னாருக்கு வரும் பூனைப்பருந்துகளுள் வெளிர்நிறத்தது, கசாக்ஸ்தான், தென் ரஷ்யப் புல்வெளிகளில் நிலத்திலேயே கூடமைப்பது. 1954 இல் சோவியத் ஒன்றியம் தொடங்கிய கன்னிநில இயக்கம் சில ஆண்டுகளுள் மூன்று கோடி ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலத்தை உழவுக்குக் கொணர்ந்தது. தானியத் தேவை மெய்யானதே. எனினும் அங்கும் உழப்படாத நிலம் பயனற்றதென்றே கணிக்கப்பட்டது; முடியாட்சியின் சட்டமும் பொதுவுடைமையரின் திட்டமும் இவ்விடயத்தில் ஒருமித்தமை எம்மனோர்க்கு உவப்பானதன்று.

1991 இல் ஒன்றியம் கலைந்தபின் அங்கு கைவிடப்பட்ட வயல்கள் பல மீண்டும் புல்வெளியாயின. மழை குறைந்த அந்நிலத்தில் மரம் எளிதில் எழுவதில்லை. அதே ஆண்டுகளிற் கைவிடப்பட்ட முசலி வயல்கள் பற்றைக்காடாயின.