விரல் நீளம்கூட இல்லாத கோபி மீனுக்கு 20 லிட்டர் தொட்டி போதாதா?

ஆபீஸ் மேஜையில் 20 லிட்டர் கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், நீலக் கோடு போட்ட ஒரு குட்டி மீன். ரீல்ஸில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 'சின்ன மீன்தானே, சின்னத் தொட்டி போதும்' என்று பலரும் கோபி வாங்குவது இப்படித்தான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

பவளப்பாறை இடுக்குகளில் வாழும் கோபி, நம் ஆறு குளங்களில் கிடைக்கும் உளுவைக்குச் சொந்தக்காரன். கரீபியன் பக்கத்து நியான் கோபி சுமார் 5 செ.மீ.தான் வளரும். வயிற்றுத் துடுப்புகளால் பாறையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். பெரிய மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும். நீந்த அதிக இடம் கேட்காது.

ஆனால் தண்ணீர் கேட்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். 20 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் குறைந்தால் உப்பு கிட்டத்தட்ட 39 கிராம் ஆகிவிடும். 100 லிட்டரில் அதே அளவு குறைந்தால் 36-ஐக்கூடத் தொடாது. மே மாத வெயிலில், ஃபேன் காற்றில், வார இறுதிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினாலே இந்த வித்தியாசம் தெரியும். குறைந்ததை ஈடுகட்ட உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு இன்னும் ஏறும். புதிதாகத் தொடங்குபவர்கள் 60 லிட்டருக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

அடுத்தது பொறுமை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். 'நாளைக்கே மீன் விடலாம் சார்' என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டட்டும். மேலே வலை மூடியும் போடுங்கள், கோபி துள்ளி வெளியே விழும்.

எந்த கோபி என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் வாழும் எவியோட்டா சிகிலேட்டா என்ற குட்டி கோபியின் அதிகபட்ச ஆயுளே 59 நாள். அதில் முதல் 3 வாரம் திறந்த கடலில் குஞ்சாகவே கழிந்துவிடும். இப்படிப்பட்டதைக் காசு கொடுத்து வாங்குவதில் என்ன அர்த்தம்? நியான் கோபியோ பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. 'பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?' என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அழகுக்குப் பவளம் வைக்கலாமே என்று தோன்றும். பாறை உருவாக்கும் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். செராமிக் பாறையே போதும். நியான் கோபிக்கு வேண்டியது ஒளிந்துகொள்ள ஒரு பொந்து. சின்னதாக ஒரு பிவிசி குழாய்த் துண்டைப் போட்டு வைத்தால், ஜோடி சேர்ந்ததும் அதற்குள்ளேயே முட்டை வைக்கும். குஞ்சு பொரியும்வரை ஆண் மீன் காவல் இருக்கும்.