துருவா, டர்போவா? பழைய எம்எக்ஸ்-5 ஒர்க் ஷாப்புக்கு வந்தால் முதல் செலவு எதற்கு?

ரெண்டே சீட். மடக்கிப் பின்னால் தள்ளிவிடக்கூடிய துணிக் கூரை. பட்டனைத் தட்டினால் தலைதூக்கிப் பார்க்கும் ஹெட்லைட். 1989-ல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை இப்படித்தான் இருந்தது. அமெரிக்காவில் அதன் பெயர் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். 1997 வரை 4 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான இந்தக் கார்களில் நிறைய இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஒர்க் ஷாப்களில் பிரித்துப் புதுப்பிக்கப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் வரிசையில் இதற்கு எப்போதும் ஒரு இடம் உண்டு.

வாங்கியவருக்கு முதலில் வரும் ஆசை ஒன்றுதான்: டர்போ மாட்டலாமா? ஆனால் காரை லிஃப்ட்டில் தூக்கியதும் மெக்கானிக் பார்ப்பது இன்ஜினை அல்ல, அடிப்பாகத்தை. அந்த வரிசை ஏன் முக்கியம்? எடை குறைந்த ஒரு காரைப் புதுப்பிப்பதும் அப்கிரேட் செய்வதும் எங்கே ஒத்துப்போகும், எங்கே முட்டிக்கொள்ளும்? விரிவாகப் பார்ப்போம்.

எப்படிப் பிறந்தது இந்தக் கார்?

1960-களில் லோட்டஸ் எலான், எம்ஜி போன்ற பிரிட்டிஷ் கார்கள் சின்னதாக, லேசாக, கூரை திறந்து ஓடின. 70-களின் முடிவில் அந்த ரகமே சந்தையிலிருந்து மறையத் தொடங்கியது. 1979-ல் பாப் ஹால் என்ற அமெரிக்க வாகனப் பத்திரிகையாளர், மாஸ்டாவின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவராக இருந்த கெனிச்சி யமமோட்டோவிடம், அப்படி ஒரு எளிய காரை நீங்கள் செய்யுங்களேன் என்று சொன்னார். பிறகு ஹாலே மாஸ்டாவில் வேலைக்குச் சேர்ந்தார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் எம்எக்ஸ்-5 அறிமுகமானது.

திட்டத் தலைவர் டோஷிஹிகோ ஹிராய் முன்வைத்த கொள்கை ‘ஜின்பா இத்தாய்’. ஜப்பானிய மொழியில் குதிரையும் ஓட்டுபவரும் ஓருடலாவது என்று பொருள். அதற்குத் தேவைப்பட்டது பெரிய இன்ஜின் அல்ல, குறைந்த எடை. பானெட்டை அலுமினியத்தில் செய்தார்கள். முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சமமாக இருக்க பேட்டரியை டிக்கிக்குள் கொண்டுபோனார்கள். கியர்பாக்ஸையும் பின்பக்க டிஃபரென்ஷியலையும் ஒரு அலுமினியச் சட்டத்தால் நேராக இணைத்தார்கள். ஜப்பானில் விற்ற அடிப்படை மாடலின் எடை 940 கிலோ. இன்றைய மாருதி ஸ்விஃப்ட் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

எடைக் கணக்கு என்ன?

முதல் மாடலில் இருந்தது 1.6 லிட்டர் இன்ஜின், 120 குதிரைத்திறன். 940 கிலோவால் வகுத்தால் ஒரு டன்னுக்குச் சுமார் 128 குதிரைத்திறன். இப்போது காரிலிருந்து 50 கிலோவைக் குறைத்துவிட்டால் அது 135 ஆகிறது. எடையைத் தொடாமல் இன்ஜினை மட்டும் வைத்து அதே எண்ணை எட்ட, 7 குதிரைத்திறன் கூட்டினால் போதும்.

அப்படியென்றால் இன்ஜின் வழிதானே சுலபம்? வேகம் எடுப்பதை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் எடை குறைந்தால் பிரேக்கும் டயரும் சஸ்பென்ஷனும் சுமப்பது குறைகிறது. வளைவில் கார் சீக்கிரம் திரும்புகிறது, பிரேக் சீக்கிரம் பிடிக்கிறது. இன்ஜின் சக்தியைக் கூட்டினால் நேர் ரோட்டில் வேகம் வரும். அந்த வேகத்தை அடக்கும் வேலை மற்ற பாகங்கள் தலையில் விழும். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

துரு எங்கே ஒளிந்திருக்கும்?

சாதாரண காரில் கூரையும் உடலுக்கு உறுதி தருகிறது. கூரை திறந்த காரில் அந்தப் பாரம் முழுக்க அடித்தளத்துக்கும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற ‘சில்’ பகுதிக்கும் போகிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ல் துரு தேடி வரும் இடமும் அதேதான்.

காரணம், மழைநீர் போகும் பாதை. துணிக் கூரையில் விழும் தண்ணீர், சீட்டுகளுக்குப் பின்னால் உள்ள வடிகால் துளைகள் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். அந்தத் துளையில் காய்ந்த இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்குகிறது. சில் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. வெளியே பெயின்ட் குமிழ் விடும்போது உள்தகடு பெரும்பாலும் போய்விட்டிருக்கும். குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்பு தூவும் பிரிட்டன் போன்ற நாடுகளில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

அங்கதான் ஏமாற்றமும் நடக்கிறது. ஓட்டையின் மேல் பட்டி போட்டு, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் கார் போட்டோவில் பளபளக்கும். விபத்து நடந்தால் அந்தப் பட்டி எந்தப் பாரத்தையும் தாங்காது. சரியான வேலை என்றால் வெளித்தகட்டை வெட்டி எடுத்து, உள்தகட்டைப் பார்த்து, கெட்ட உலோகத்தை முழுக்க நீக்கி, புதுத்தகட்டை வெல்டிங் செய்து, உள்ளே துருத்தடுப்பு மெழுகு அடிக்க வேண்டும். பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையில், சீட் பெல்ட்டோ சஸ்பென்ஷனோ பொருத்தியிருக்கும் இடத்துக்கு அருகே உறுதியைக் குறைக்கும் அளவுக்குத் துரு இருந்தால் கார் தேறாது.

டிக்கியையும் திறந்து பார்க்க வேண்டும். பேட்டரி அங்கே இருப்பதால், அந்த இடத்துக்குப் பொருந்தாத சாதாரண பேட்டரியை வைத்திருந்தால் அதிலிருந்து வெளியேறும் அமில வாயு தளத்தையே அரித்திருக்கும்.

பிரித்த பிறகு தெரியும் வயசு

30 வருடத்தில் உலோகத்தைவிட அதிகம் மூப்படைவது ரப்பர். நான்கு சக்கரங்களிலும் இந்தக் காருக்கு டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். அதன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் வெடித்துப்போயிருந்தால், என்ன ஷாக் அப்சார்பர் போட்டாலும் கார் ஒரு பக்கம் அலையும்.

அலைன்மென்ட் செய்யப் போனால் அடுத்த சோதனை. சக்கரத்தின் சாய்வை மாற்றும் நீளமான போல்ட்டுகள், புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். ஸ்பேனரால் அசையாது, பல கார்களில் அறுத்துத்தான் எடுக்கிறார்கள். அரை மணி நேர வேலை என்று நினைத்தது ஒரு நாளை விழுங்கும். ரீஸ்டோரேஷன் பில் எகிறுவதற்குப் புது பாகங்களின் விலையைவிட இந்த மாதிரி மணிநேரக் கூலிதான் பெரிய காரணம்.

இன்ஜினில் எதைப் பார்ப்பது?

நல்ல செய்தி: இந்த இன்ஜின் முரட்டு ஆள். டைமிங் பெல்ட்டை சுமார் 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 1.6 இன்ஜினில் அது அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. கார் நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். இன்ஜினின் பின்பக்கம் கேம்ஷாஃப்ட் சென்சாரில் உள்ள சின்ன ரப்பர் வளையம் காய்ந்து ஆயில் கசிவதும் சகஜம். வளையம் மலிவு, கை நுழைப்பதுதான் கஷ்டம்.

கவனிக்க வேண்டியது 1989 முதல் 1991 தொடக்கம் வரை வந்த இன்ஜின்கள். இவற்றின் கிராங்க்ஷாஃப்ட் முனை குட்டையானது. டைமிங் பெல்ட் மாற்றும்போது முன்பக்க போல்ட்டைச் சரியாக இறுக்காவிட்டால் புல்லி மெல்ல ஆடத் தொடங்கும். அதைப் பிடித்திருக்கும் சாவித்துண்டும் அதன் பள்ளமும் தேயும். முற்றினால் கிராங்க்ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும். அடையாளம் எளிது: முன்பக்கப் புல்லியில் 4 வெட்டுகள் இருந்தால் பழைய குட்டை முனை, 8 இருந்தால் பிந்தைய நீண்ட முனை. இன்ஜின் ஓடும்போது புல்லி ஆடுகிறதா என்று கண்ணால் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சரி, டர்போ மாட்டினால் என்ன ஆகும்?

மாட்டலாம். இதே இன்ஜின் குடும்பம் மாஸ்டா 323 காரில் டர்போவோடு வந்ததுதான், அதனால் அடிப்படை வலு உண்டு. சிக்கல் மற்ற பாகங்களில். சக்தி கூடினால் கிளட்ச் வழுக்கும், அதை மாற்ற வேண்டும். வெப்பம் கூடும், பெரிய ரேடியேட்டர் வேண்டும். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரையும் மாற்றி டியூன் செய்ய வேண்டும். 1.6 மாடலின் டிஃபரென்ஷியல் சின்னது. அந்த முறுக்குவிசையில் உடைய வாய்ப்பு அதிகம் என்பதால் 1.8 மாடலின் பெரியதைத் தேடி மாட்டுகிறார்கள். முன்பக்க பிரேக் டிஸ்க் 1.6-ல் 235 மில்லிமீட்டர், 1.8-ல் 255. அதையும் மாற்ற வேண்டும்.

ஒரு டர்போவுக்குப் பின்னால் இத்தனை பில். ஒவ்வொன்றும் கொஞ்சம் எடையையும் கூட்டுகிறது, பெரும்பாலும் முன்பக்கத்தில். துருப்பிடித்த சில் மேல் இந்தச் சக்தியை ஏற்றினால் அது இன்னும் ஆபத்து.

காசுக்கு ஏற்ற அப்கிரேட் எது?

* டயர்: பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண் எந்த வாரம், எந்த வருடம் தயாரானது என்று சொல்லும். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வருடப் பழைய டயர் கெட்டியாகிப் பிடிமானத்தை இழந்திருக்கும்.
* சக்கரம்: இந்தக் கார் வந்தது 14 இன்ச் சக்கரத்தில். கனமான 17 இன்ச் அழகாக இருக்கலாம். ஆனால் ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடுவதால் குண்டு குழியில் சக்கரம் ரோட்டோடு ஒட்டாமல் குதிக்கும்.
* பிரேக்: 1.8-ன் டிஸ்க், புது ஹோஸ், புது பிரேக் ஆயில். டர்போ இல்லாவிட்டாலும் பயன் தரும் மாற்றம்.
* ரோல் பார்: கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் பொருத்தும் வளைவுக் கம்பி. எடை கூடினாலும் நியாயமான கூடுதல். ஆனால் தலைக்கு மேலும் பக்கத்திலும் கம்பி ஓடும் முழுக் கூண்டு ரேஸ் டிராக்குக்கு மட்டும். ஹெல்மெட் இல்லாமல் தெருவில் ஓட்டினால் அந்தக் கம்பியிலேயே தலை மோதும்.

கழற்றிய ஒரிஜினல் பாகங்களை மூட்டை கட்டி வைத்துக்கொள்வதும் முக்கியம். பழைய நிலையில் இருக்கும் கார்கள் குறையக் குறைய அவற்றுக்கான தேவை கூடுகிறது.

மாஸ்டாவே இறங்கிய ரீஸ்டோரேஷன்

முதல் தலைமுறை கார்களைத் தாங்களே புதுப்பித்துத் தருவோம் என்று 2017-ல் மாஸ்டா ஜப்பானில் அறிவித்து, அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்கியது. நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மறுபடி தயாரிக்கவும் செய்தது. அந்தப் பட்டியலில் துணிக் கூரை, நார்டி மர ஸ்டீயரிங், கியர் குமிழ், பிரிட்ஜ்ஸ்டோன் உதவியோடு அன்றைய அதே அளவிலான டயர் ஆகியவை இருந்தன. டர்போ இல்லை.

புது மாடல்களிலும் இதே கதைதான். 2005-ல் வந்த மூன்றாம் தலைமுறை சுமார் 1,100 கிலோவைத் தொட்டது. 2015-ல் நான்காம் தலைமுறையில் மாஸ்டா பின்வாங்கி, 1.5 லிட்டர் இன்ஜினோடு ஜப்பான் மாடலை 990 கிலோவுக்கு இறக்கியது. நவீன பாதுகாப்பு வசதிகள் எல்லாம் சேர்ந்த பிறகும் முதல் காரைவிட 50 கிலோதான் கூடுதல்.

வாங்கும் முன் 5 விஷயங்கள்

1. பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள சில் பகுதியில் சின்ன காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டி.
2. சீட்டுக்குப் பின்னால் கார்பெட் ஈரமா? வடிகால் அடைத்திருக்கிறது.
3. அடிப்பாகத்தில் நீளமாக ஓடும் சட்டங்கள் தவறான இடத்தில் ஜாக்கி வைத்ததால் நசுங்கியிருக்கிறதா?
4. புல்லியில் 4 வெட்டா, 8 வெட்டா? ஓடும்போது ஆடுகிறதா?
5. பட்ஜெட்டை மூன்றாகப் பிரியுங்கள்: முதலில் துருவும் வெல்டிங்கும், அடுத்து ரப்பர், பிரேக், டயர், மீதி இருந்தால் மட்டும் சக்தி. முதல் பிரிவிலேயே பணம் தீரும் என்று தெரிந்தால் அந்தக் காரை விட்டுவிட்டு, கூடுதல் விலைக்குத் துரு இல்லாத காரைத் தேடுவதுதான் லாபம்.