குதித்துக் காட்டு, கண்ணு

வயிற்று வலி என்று பிள்ளையைக் கூட்டி வந்தால் நான் உடனே வயிற்றில் கை வைப்பதில்லை. அறைக்குள் எப்படி நடந்து வருகிறது என்று பார்ப்பேன். குடல்வால் வீங்கிய பிள்ளை இடுப்பை லேசாக வளைத்து, அடி மேல் அடி வைத்து வரும். படுக்க வைத்தால் அசையாமல் கிடக்கும். "ஒத்தைக் கால்ல குதிச்சுக் காட்டு, கண்ணு" என்பேன். சிரித்துக்கொண்டே நாலு தடவை குதித்தால் என் மனசு லேசாகும். ஒரே குதியில் முகம் சுளித்து வலது அடிவயிற்றைப் பிடித்தால் அறுவை மருத்துவருக்குச் சொல்லிவிடுவேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. குழந்தைகளின் குடல்வால் வீக்கத்தைக் கணிக்க மருத்துவர் மதன் சாமுவேல் 2002-இல் வெளியிட்ட 10 மதிப்பெண் அளவுகோலில், இருமினாலோ குதித்தாலோ தட்டினாலோ வலிப்பதற்கு 2 மதிப்பெண். வலது அடிவயிற்றைத் தொட்டால் வலிப்பதற்கு இன்னொரு 2. காய்ச்சல், வாந்தி, பசியின்மை, வலி இடம் மாறுவது, ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 10,000-க்கு மேல் ஏறுவது எல்லாம் ஒவ்வொன்றுதான்.

அம்மாக்களிடம் நான் துருவிக் கேட்பது வரிசையை. முதலில் தொப்புளைச் சுற்றி வலித்ததா? பிறகு வலது பக்கம் இறங்கியதா? வாந்தி வலிக்குப் பிறகு வந்ததா? வயிற்றுப்போக்கு நோயில் பெரும்பாலும் வாந்திதான் முந்தும். நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப் வைப்பேன். வலது நுரையீரலின் அடியில் நிமோனியா இருந்தாலும் வயிறு வலிக்கும். பையன்களின் விதைப்பையைப் பார்க்காமல் அனுப்புவதே இல்லை. விதை முறுக்கிக்கொண்ட சிறுவன் வெட்கத்தில் வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்வான்.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்தான் என்னைப் பயமுறுத்துகிறவர்கள். எங்கே வலிக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. வெறும் காய்ச்சலும் பேதியுமாகத் தொடங்கும்; நோய் பிடிபடுவதற்குள் பலருக்குக் குடல்வால் வெடித்திருக்கும்.

ஸ்கேனில் குடல்வால் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அழுத்தினாலும் அமுங்காமல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் வாயு மறைத்தால் அது கண்ணுக்கே படாது. 'தென்படவில்லை' என்ற அறிக்கையை வாங்கிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளையை வார்டில் படுக்க வைத்து, சில மணி நேரம் கழித்து அதே கையால் மறுபடி தொட்டுப் பார்ப்பதை நான் பெரிதும் நம்புகிறேன்.

குடலேற்றம் என்று தட்டுவதும் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவதும் வேண்டவே வேண்டாம். வீங்கிய குடல்வால் வெடிக்கலாம். வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய பயமும் தேவையில்லை. மருத்துவமனையில் வலி தணித்த பிறகும் எங்களால் கண்டுபிடிக்க முடியும்.

இன்னொன்று. நாள் முழுக்கத் துடித்த பிள்ளைக்குத் திடீரென்று வலி குறைந்தால் குணமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். குடல்வால் வெடித்தவுடன் உள்ளழுத்தம் இறங்கி வலி சிறிது நேரம் அடங்கும்; அதற்குள் சீழ் வயிறெங்கும் பரவத் தொடங்கியிருக்கும். விடியட்டும் என்று காத்திராமல் அந்த ராத்திரியே கூட்டி வாருங்கள்.